பட்டு யாருக்கு விழுந்தது?

ஆரணியில் எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கெல்லாம் தறிச் சத்தம் தொடங்கிவிடும். அத்தை திண்ணையில் ராட்டையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஊடைக்குத் தார் சுற்றுவது அவர் வேலை. கண் மங்கிவிட்டது. ஆனால் இழை அறுந்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும். அவர் சர்ச்சுக்குப் போகிறவர் அல்ல. வேண்டுதலுக்காக ஒருமுறை வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர், அவ்வளவுதான். ஒரு மதியம் அவருக்கு மாதா கதை ஒன்றைப் படித்துத் தமிழில் சொன்னேன்.

எருசலேம் கோயிலுக்குப் புதுத் திரைச்சீலை வேண்டும் என்று குருக்கள் தீர்மானிக்கிறார்கள். தாவீது குலத்துக் கன்னிப் பெண்களை அழைத்து வருகிறார்கள். யார் எந்த நூலை நூற்பது என்று சீட்டுப் போடுகிறார்கள். பொன் இழை, கல்நார், லினன், பட்டு, நீலம், சிவப்பு, கருஞ்சிவப்பு. மரியாவுக்குச் சிவப்பும் கருஞ்சிவப்பும் விழுகின்றன. அவர் நூலை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். தண்ணீர் மொள்ளக் குடத்தோடு வெளியே வந்தபோது ஒரு குரல் கேட்கிறது; யாரையும் காணவில்லை. நடுங்கிப்போய் வீட்டுக்குத் திரும்பி, குடத்தை வைத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து கருஞ்சிவப்பு நூலை இழுக்கத் தொடங்குகிறார். அப்போதுதான் வானதூதர் அவர் முன்னே நிற்கிறார்.

அத்தை ராட்டையை நிறுத்தாமலே கேட்டார்: "பட்டு யாருக்குப்பா வுழுந்துது?"

அதை அந்த நூல் சொல்லவில்லை. நூலின் பெயர் யாக்கோபின் முதல்நற்செய்தி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்டது. விவிலியத்தில் தேடினால் கிடைக்காது. மரியாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னம்மாள் என்பது இந்த நூலிலிருந்துதான் வருகிறது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் மரியாவின் பெற்றோர் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் ஜூலை 26ஆம் தேதி கத்தோலிக்கர் அவர்களுக்கு விழா எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்களுக்கு அன்னம்மாள் என்று பெயர். நூலை வெளியே நிறுத்தியவர்கள் அது சொன்னதை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். தொடக்ககாலக் கிறிஸ்தவத்தின் விடுபட்ட நூல்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். என் மனத்தில் திரும்பத் திரும்ப எழுவது இந்த ஒன்றுதான்: ஒரு நூலைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது வேறு, அதை இல்லாமல் ஆக்குவது வேறு. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் நிசேயாப் பொதுச்சங்கம் பற்றிய கதை. 325ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஆயர்களைக் கூட்டி, பிடித்த நூல்களை வைத்துக்கொண்டு பிடிக்காதவற்றை ஒழித்துவிட்டார் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். 2003இல் வந்த டான் பிரவுன் நாவலுக்குப் பிறகு இது ஆரணி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நிசேயாவில் பேசப்பட்டது கிறிஸ்துவின் இறைத்தன்மை, பாஸ்கா விழாவின் நாள், ஆயர்களின் அதிகார எல்லை போன்றவை. எந்த நூல் உள்ளே, எது வெளியே என்று அந்தச் சங்கம் தீர்மானம் எதுவும் இயற்றவில்லை. அப்படி ஒரே நாளில் முடிந்த காரியமும் அல்ல அது.

முந்நூறு ஆண்டுகள் பல ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. ஏறத்தாழ 180இல் லியோன் நகர ஆயர் இரனேயு நான்கு நற்செய்திகள்தான் உண்டு, கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று வாதாடினார். அப்படி வாதாட வேண்டியிருந்தது என்றால் வேறு நற்செய்திகளும் கையில் புழங்கின என்றுதான் பொருள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசரியாவின் யூசேபியு நூல்களைத் தரம் பிரித்தார்: எல்லாரும் ஏற்றவை, சர்ச்சைக்குரியவை, போலியானவை. இன்று விவிலியத்தில் இருக்கும் யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் திருமுகங்களை அவர் சர்ச்சைக்குரியவற்றில் வைத்தார். இன்றைய 27 நூல்களையும் சரியாக அப்படியே பட்டியலிட்ட முதல் ஆவணம் 367இல் வருகிறது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு பாஸ்கா விழாவுக்கு எழுதிய 39ஆம் மடல் அது.

அந்த மடலை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. பட்டியலுக்கு வெளியே இருந்தாலும், புதிதாகச் சமயத்துக்கு வருவோர் படிக்கத் தக்கவை என்று சில நூல்களை அத்தனாசியு தனியே குறிப்பிடுகிறார். திதாக்கே என்னும் திருத்தூதர் போதனையும் எர்மாவின் மேய்ப்பரும் அவற்றில் அடக்கம். தள்ள வேண்டியவை என்று அவர் கடுமையாகச் சொன்னவை வேறு. ஆக, உள்ளே, வெளியே என்ற இரண்டோடு விஷயம் முடியவில்லை. வாசலில் ஒரு திண்ணையும் இருந்தது. நான்காம் நூற்றாண்டுச் சினாய் சுவடியில் புதிய ஏற்பாட்டுக்குப் பின்னாலேயே பர்னபா திருமுகமும் எர்மாவின் மேய்ப்பரும் எழுதப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

தமிழ் வாசகருக்கு இது புரியாத விஷயம் அல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் பதினெட்டாவது நூல் இன்னிலையா, கைந்நிலையா என்று நம் புலவர்கள் வழக்காடவில்லையா? நூற்பட்டியலைக் குறிக்கத் தமிழ்க் கத்தோலிக்கர் பயன்படுத்தும் சொல்லே 'திருமுறை'. அது நம்பியாண்டார் நம்பி தேவாரத்தைத் தொகுத்த மரபின் சொல். தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற பழைய ஏற்பாட்டு நூல்களைக் கத்தோலிக்கர் 'இணைத் திருமுறை' என்கிறார்கள். சீர்திருத்தச் சபையார் 'தள்ளுபடி ஆகமம்' என்கிறார்கள். ஒரே நூல், ஒரே ஊர், இரண்டு பெயர்கள். பட்டியலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'கானோன்' என்பதன் முதற்பொருள் அளவுகோல். எங்கள் பக்கம் சேலையைத் தறியிலிருந்து அறுத்ததும் முழக்கோல் வைத்துப் பார்ப்பார்கள். கோல் நீளத்தைச் சொல்லும். நெசவு நல்லதா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும்.

எந்தக் கோலை வைத்து அளந்தார்கள்? திருத்தூதர்களோடு அல்லது அவர்கள் உடனிருந்தோரோடு தொடர்புடையதா, சபை கற்பித்த நம்பிக்கையோடு ஒத்துப்போகிறதா, பல ஊர்ச் சபைகளில் வழிபாட்டில் படிக்கப்படுகிறதா என்று பார்த்தார்கள். இதைச் சட்டமாக யாரும் எழுதிவைக்கவில்லை. நடைமுறையில் அது எப்படி இருந்தது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரோசு என்னும் ஊர்ச் சபையார் பேதுரு நற்செய்தி என்ற ஒன்றைப் படிக்கலாமா என்று கேட்டார்கள். அவர் அதைப் படிக்காமலே 'படியுங்கள்' என்றார். பிறகு கிறிஸ்து உண்மையில் உடலெடுத்து வரவில்லை என்போர் அதைப் பயன்படுத்துவதாகக் கேள்விப்பட்டு, அவர்களிடமிருந்தே ஒரு படி வாங்கிப் படித்தார். பெரும்பகுதி சரி, சில இடங்கள் சேர்க்கப்பட்டவை என்று பிரித்து எழுதி, வேண்டாம் என்று சொன்னார். ஒரு நூலை இரவல் வாங்கிப் படித்துவிட்டு மறுப்பது எவ்வளவு பண்பான காரியம்! அந்த நற்செய்தி 1886–87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு துறவியின் கல்லறையில் அகப்பட்டது. முழுதாக அல்ல, கொஞ்சம்தான்.

விடுபட்ட நூல்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. திதாக்கே போன்றவை உள்ளே வந்திருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். யாக்கோபின் முதல்நற்செய்தியும் தோமாவின் பெயரால் வழங்கும் இயேசுவின் குழந்தைப் பருவக் கதைகளும் நான்கு நற்செய்திகள் சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்ப வந்தவை. களிமண்ணில் குருவி செய்து கைதட்டிப் பறக்கவிட்ட குழந்தை இயேசு இந்தக் கதைகளில்தான் இருக்கிறார். ஆரணி முஸ்லிம் நண்பர்களுக்கு அது புதிதாக இருக்காது. களிமண் பறவைக்கு உயிர் கொடுத்த ஈசா நபியைத் திருக்குர்ஆன் சொல்கிறது. சில நூல்கள் துணிந்த பெண்களைப் பற்றியவை. பவுலின் சொல் கேட்டு மண ஒப்பந்தத்தை உதறிய தெக்லா தன்னைத்தானே திருமுழுக்காட்டிக்கொள்கிறார். பவுல் மேல் கொண்ட அன்பினால் அந்தக் கதையை எழுதினேன் என்று ஒப்புக்கொண்ட ஆசியா மாகாணப் பாதிரியார் பதவியை இழந்ததாகத் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். யூதக் கிறிஸ்தவரின் சில நற்செய்திகள் எதிர்ப்பாளர்கள் காட்டிய மேற்கோள்களாக மட்டும் எஞ்சியிருக்கின்றன. வளையாபதி நமக்குப் புறத்திரட்டிலும் உரைகளிலும் துண்டு துண்டாகக் கிடைப்பதுபோல.

வேறு வழியில் போதித்தவை இன்னொரு ரகம். 1945 டிசம்பரில் எகிப்தின் நாக் அம்மாடி அருகே உரமண் தோண்டப் போன குடியானவர்கள் கையில் ஒரு சாடி அகப்பட்டது. உள்ளே 13 சுவடிகள், 50க்கு மேற்பட்ட நூல்கள், எல்லாம் கோப்த்து மொழியில். வீட்டுக்குக் கொண்டுபோன ஏடுகளில் சிலவற்றைக் கண்டெடுத்தவரின் தாய் அடுப்புக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லப்படுகிறது. கரிவலம்வந்தநல்லூரில் ஓலைச்சுவடிகள் நெருப்பில் இடப்பட்டதைக் கேட்டு உ.வே.சா. பட்ட துயரம் நினைவுக்கு வருகிறது. அந்தச் சாடியில் தோமா நற்செய்தி முழுதாக இருந்தது: பிறப்பும் இல்லை, சிலுவையும் இல்லை, இயேசுவின் 114 மொழிகள் மட்டும். அதே தொகுதியில் பிலிப்பு நற்செய்தியும் இருந்தது. அதில் ஓர் இடம் ஆரணிக்காரனைச் சும்மா விடாது. இயேசு லேவி என்பவரின் சாயப்பட்டறைக்குள் போகிறார். 72 நிறங்களையும் எடுத்துத் தொட்டியில் போடுகிறார். வெளியே எடுத்தால் எல்லாம் வெள்ளை. மானிட மகன் சாயக்காரராக வந்தார் என்று அந்த நூல் முடிக்கிறது. அரபு மொழியில் வழங்கிய குழந்தைப் பருவ நற்செய்தியில் இதற்கு நேர் எதிரான கதை. சாலேம் என்னும் சாயக்காரரின் துணிகளையெல்லாம் சிறுவன் இயேசு ஒரே நீலத் தொட்டியில் அமுக்கிவிட, அவர் தலையில் அடித்துக்கொண்டு அழ, ஒவ்வொரு துணியும் அவரவர் கேட்ட நிறத்தில் வெளியே வருகிறது.

எங்கள் தெருக்கோடிச் சாயப்பட்டறையில் நாற்பது ஆண்டுகள் கழி முக்கிய ஒரு பெரியவரிடம் இரண்டையும் சொன்னேன். அப்போது அவர் பட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார். கச்சாப் பட்டு லேசான மஞ்சளாக, விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் கழிகளைக் கோலில் மாட்டித் திருப்பிக்கொண்டே இருந்தால் பசை கரைந்து, எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்து, வெளுத்து மினுங்கும். அதற்குப் பிறகுதான் சாயம். நீலத் தொட்டிக் கதைக்கு அவர் நன்றாகச் சிரித்தார். வெள்ளைக் கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவரு சாயம் போடல தம்பி. வேகவச்சிருக்காரு. முன்ன ஒட்டியிருந்தது போனாத்தானே அப்புறம் எதுவும் புடிக்கும்" என்றார். பிலிப்பு நற்செய்தியின் போதனைக்கு இதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான விடுபட்ட நூல் தோமா பணிகள். மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எதேசா வட்டாரத்தில் சுரியானியில் எழுதப்பட்டது. திருத்தூதர்கள் எந்தெந்த நாட்டுக்குப் போவது என்று சீட்டுப் போடுகிறார்கள். தோமையாருக்கு இந்தியா விழுகிறது. அவர் போக மறுக்கிறார். உடனே இயேசு அவரைத் தம் அடிமை என்று சொல்லி, தச்சன் தேடிவந்த அப்பான் என்னும் வணிகரிடம் விற்றுவிடுகிறார்! குந்தப்பார் மன்னன் அரண்மனை கட்டப் பணம் கொடுக்க, தோமையார் அத்தனையையும் ஏழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்றால், இறந்த பிறகு பார்ப்பாய் என்கிறார். மன்னன் தம்பி இறந்து, விண்ணகத்தில் அந்த மாளிகையைக் கண்டு, திரும்பி வந்து தனக்கு அதை விலைக்குக் கேட்கிறான். மூலம் தெரியாமலே தமிழ் மறையுரைகளில் இந்தக் கதை எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும்!

இதை முழுக்கப் புனைகதை என்று ஒதுக்கிய ஐரோப்பிய அறிஞர்களை 19ஆம் நூற்றாண்டு திடுக்கிட வைத்தது. 1830களில் தொடங்கி இந்தியாவின் வடமேற்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் கொண்டபாரஸ் என்ற, அதாவது அந்தக் குந்தப்பாரின், பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. இன்றைய பாகிஸ்தானிலுள்ள தக்த்-இ-பாகிக் கல்வெட்டு அவன் ஆட்சியின் 26ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அது ஏறத்தாழ கி.பி. 46 என்று கணிக்கிறார்கள். மன்னன் இருந்தான் என்பதால் கதை நடந்தது என்று ஆகாது. எதேசாவில் எழுதியவருக்கு இந்தியாவைப் பற்றி உண்மையான செய்தி ஏதோ எட்டியிருந்தது என்று மட்டும் ஆகிறது.

நூலின் பின்பாதியில் தோமையார் மஸ்தாய் என்னும் வேறொரு மன்னன் நாட்டில் ஈட்டிக்காரர் நால்வரால் மலை மேல் கொல்லப்படுகிறார். மயிலாப்பூர் என்ற பெயர் அதில் இல்லை; மஸ்தாய் என்பது பாரசீகச் சாயலுள்ள பெயர். ஆனாலும் புதிய ஏற்பாட்டில் தோமையாருக்கும் இந்தியாவுக்கும் ஒட்டே கிடையாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சாந்தோம் கல்லறைக்கும் பரங்கிமலைக்கும் பின்னால் நிற்கும் எழுத்துகளில் மூத்தது இந்த விடுபட்ட நூல்தான். வாய்மொழி மரபோ தன் போக்கில் ஓடியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கேட்ட கதையில் ஈட்டி இல்லை. மயிலை நோக்கி வேடன் ஒருவன் விட்ட அம்பு ஜெபத்தில் இருந்தவர் மேல் பட்டுவிடுகிறது. மயிலாப்பூரில் அந்தக் கதையில் மயில் வராமல் இருக்குமா?

சபை இந்த நூலை ஏன் ஏற்கவில்லை? ஈட்டியும் அம்பும் காரணம் அல்ல. திருமணமே கூடாது என்ற அளவுக்கு இதில் துறவு பேசப்படுகிறது. ஓர் ஊரில் முதலிரவு அறைக்குள்ளேயே இயேசு தோமையாரின் உருவில் தோன்றி மணமக்களைப் பிரம்மச்சரியத்துக்குத் திருப்புகிறார். மிக்தோனியா என்னும் சீமாட்டி கணவன் கரிசியை அண்ட விடுவதில்லை. தோமையாரைக் கொலைக்குத் தள்ளுவது அந்தக் கணவனின் ஆத்திரம்தான். குடும்பம் நடத்தும் மக்களைக் கொண்ட ஒரு சபை இதைப் பொதுவில் படிக்க முடியாது என்று முடிவெடுத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சரியென்றுகூடச் சொல்வேன். ஆனால் இதே நூலுக்குள்தான், கீழ்த்திசை இளவரசன் ஒருவன் பாம்பு காக்கும் முத்தைத் தேடி எகிப்துக்குப் போய், தான் யார் என்பதையே மறந்து தூங்கிவிடும் அந்த அற்புதமான முத்துப் பாடல் இருக்கிறது. வீட்டிலிருந்து கடிதம் ஒன்று கழுகாகப் பறந்து வந்து அவனை எழுப்புகிறது. முத்தோடு திரும்புகிறவனுக்கு அவன் விட்டுவந்த ஆடை எதிரே வருகிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல அதில் தன்னையே காண்கிறான். துணி நெய்கிறவர்கள் ஊரில் பிறந்தவன் அந்த இடத்தைப் படித்துவிட்டு எழுந்து உடனே வேறு வேலை பார்க்க முடியாது.

தமிழ் இலக்கியத்துக்குள்ளும் இந்த நூல்களின் கதைகள் வந்திருக்கின்றன. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1726இல் எழுந்தது. 36 படலம், 3615 பாடல். சூசையப்பர் தலைவன். நான்கு நற்செய்திகளில் சூசையப்பர் வாய் திறந்து ஒரு சொல் பேசுவதில்லை. காப்பியத்துக்கு வேண்டிய கதை வேறிடத்திலிருந்துதான் வர வேண்டும். மணமகனைத் தேர்ந்தெடுக்கக் கோல்கள் வைக்கப்பட்டு சூசையப்பரின் கோல் பூக்கும் நிகழ்ச்சிக்கு வேர் யாக்கோபின் முதல்நற்செய்தி. அங்கே கோலிலிருந்து புறா வருகிறது; பிந்திய இலத்தீன் கதைகளில் அது பூவாகிறது. நம் கோயில்களில் சூசையப்பர் கையில் லீலி மலர் இருப்பது அதனால்தான். வீரமாமுனிவர் பெரிதும் பின்பற்றியது 17ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி ஆகிர்த மரியாளின் நூலை. அந்த நூலையே உரோமை 1681இல் தடைசெய்து, ஸ்பெயின் மன்னர் குறுக்கிட்டதும் அதே ஆண்டில் தடையை நிறுத்திவைத்தது. ஒரு பட்டியலில் சிக்கிய நூல் இன்னொரு மொழியில் பெருங்காப்பியமாக விளைந்தது.

கேரளத்தில் நடந்ததை இவ்வளவு நிம்மதியாகச் சொல்ல முடியாது. அங்கிருந்த தோமா கிறிஸ்தவர்களின் விவிலியம் சுரியானி பெசித்தா. அதன் புதிய ஏற்பாட்டில் 22 நூல்கள்தான். 2 பேதுரு, 2, 3 யோவான், யூதா, திருவெளிப்பாடு கிடையாது. நமக்கு 'உள்ளே' இருப்பது அவர்களுக்கு வெளியே. எத்தியோப்பியச் சபைக்கோ விவிலியம் 81 நூல்கள். யூதா திருமுகம் மேற்கோள் காட்டும் ஏனோக்கு நூலும் அதில் உண்டு. 1599 ஜூன் 20 முதல் 26 வரை கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் கோவா பேராயர் அலெய்ஷோ தெ மெனேசிஸ் ஒரு சங்கம் கூட்டினார். விடுபட்ட ஐந்தையும் சேர்க்கச் சொன்னது அந்தச் சங்கம். கூடவே, வைத்திருக்கக் கூடாத சுரியானி நூல்கள் என்று பெயர் பெயராக ஒரு பட்டியல் போட்டது. அதில் முன்வரிசையில் வருவது மீட்பரின் குழந்தைப் பருவமும் மாதாவின் வரலாறும் சொல்லும் நூல். சூசையப்பருக்கு முன்னமே மனைவி மக்கள் இருந்ததாகவும், குறும்பு செய்த குழந்தை இயேசுவை அவர் கண்டித்ததாகவும் அதில் எழுதியிருப்பது குற்றம் என்றார்கள். கோயில் திரைக்கு நூல் நூற்ற மரியாவின் கதை எந்த மரபில் பிறந்ததோ, அந்த மரபின் கதைகள் சுரியானி எழுத்தில் அன்று தென்னிந்தியாவில் இருந்தன.

நூல்களை ஒப்படைக்க ஆணையிட்டார்கள். மீறினால் சபைநீக்கம். சில திருத்தப்பட்டன; பல எரிக்கப்பட்டன. எரிப்பு அன்றுதான் முதன்முதலாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. திருத்தூதர்களின் பெயரால் வழங்கிய நூல்களைப் பறித்து எரிக்க வேண்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை முதலாம் லியோ எழுதியிருக்கிறார். ஆனால் அத்தனாசியு விலக்கியதை எகிப்தில் யாரோ சாடியில் வைத்து மண்ணுக்குள் காப்பாற்ற முடிந்தது. இங்கே நம் மழையிலும் கரையானிலும் ஒரு சுவடியை மண்ணுக்குள் ஒளிக்க முடியாது. படியெடுக்கும் கை நின்றால் நூல் முடிந்தது. எரித்தால் கேட்கவே வேண்டாம். இன்று அந்த நூல்களில் பலவற்றைக் கண்டித்தோர் எழுதிவைத்த பெயர்களாலும் குற்றச்சாட்டுகளாலும்தான் அறிகிறோம்.

இதையும் அத்தைக்குச் சொன்னேன். அன்று அவர் தார் சுற்றி முடித்து, குச்சிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். "எரிச்சவங்க அதப் படிச்சிருந்தாங்களா?" என்று கேட்டார்.

மெனேசிஸுக்குச் சுரியானி தெரியாது. அவர் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார்: பிரான்சிஸ்கோ ரோஸ் என்னும் இயேசு சபைப் பாதிரியார். பல ஆண்டுகள் மலபாரில் இருந்து சுரியானி கற்றவர். அந்த மக்களின் நூல்களைப் படித்து, அவற்றிலுள்ள பிழைகள் என்று தாம் கருதியவற்றைத் தனி நூலாகவே சங்கத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியவர். 1601இல் அதே மக்களுக்கு அங்கமாலி ஆயராகத் திருப்பொழிவு பெற்றவரும் அவர்தான்.